கரும்பலகையும் சாட்சிப் பட்டியலும்: ரோஹிங்கியா முகாம்களில் இளைஞர்கள் சுமக்கும் இரண்டு வேலைகள்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ஏதாவது ஒரு பிளாக்குக்குள் போய், பிள்ளைகளுக்கு இங்கே யார் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டால் ஓர் இளைஞரைக் காட்டுவார்கள். 2017இல் உங்கள் ஊரில் கொல்லப்பட்டவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாலும் பல நேரம் அதே ஆளைத்தான் காட்டுவார்கள். பர்மிய மொழியிலோ ஆங்கிலத்திலோ நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. மனு எழுதுவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்கு மொழிபெயர்ப்பது, எழுத்து கற்றுத் தருவது, சாட்சியம் குறித்து வைப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. 2021 செப்டம்பர் 29 இரவு குட்டுபலாங் முகாமில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட முஹிபுல்லாவும் வாத்தியார்தான். வீடு வீடாகப் போய்ப் படுகொலைப் பட்டியல் தொகுத்த அவரை மக்கள் 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள்.

ஒரே ஆள் இரண்டையும் செய்வது தவிர்க்க முடியாதது. ஆனால் ஒன்றில் நல்ல பழக்கமாக இருப்பது மற்றதில் கெடுதல் செய்யும் என்பதை யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை. வாத்தியார் பிள்ளை திணறினால் விடையின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். சாட்சியிடம் அதைச் செய்தால் சாட்சியம் செத்தது. வாத்தியார் எல்லார் பெயரையும் வருகைப் பதிவேட்டில் எழுதுவார். ஆவணம் சேர்ப்பவர் பெயரை எங்கே எழுதக் கூடாது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். வகுப்பு ஊரறிய நடந்தால்தான் நிற்கும், பட்டியல் ஊரறிந்தால் ஆளுக்கே ஆபத்து. ஆகவே நோட்டு வேறு, நேரம் வேறு, உட்காரும் இடம் வேறு என்று பிரிப்பதுதான் முதல் வேலை. முடிந்தால் ஆளையும் பிரித்துவிட வேண்டும்.

பின்னணி சுருக்கமாக. மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. 2012 கலவரத்துக்குப் பிறகு ராக்கைனில் அவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவும் மூடிவிட்டது. 2017 ஆகஸ்ட் 25 அன்று ராணுவம் தாக்குதலைத் தொடங்கிய பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். உக்கியா, டெக்னாஃப் பகுதிகளில் உள்ள 33 முகாம்களில் இப்போது பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வங்கதேசம் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. அகதிப் பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் படிக்க முடியாது, அந்நாட்டுப் பாடத்திட்டத்தை முகாமுக்குள் நடத்தவும் முடியாது. தொடக்க ஆண்டுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய கற்றல் மையங்களில் ஒரு அறைக்கு 40 பிள்ளைகள், இரண்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிஃப்ட் என்று ஓட்டினார்கள். மியான்மர் பாடத்திட்டத்துக்கு 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தும், கொரோனாவால் 2021 கடைசியில்தான் 10,000 பிள்ளைகளோடு முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 2023 ஜூலையில் அது எல்லா வயதினருக்கும் வந்தது. 2025 ஜூனில் நிதி வெட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள், மையங்கள் மூடின. அந்த ஓட்டையை அடைத்தது மறுபடியும் வீட்டு வகுப்புகள்தான்.

வீட்டு வகுப்பு தொடங்குகிறவர்கள் பாடப் புத்தகத்தில் ஆரம்பிக்கிறார்கள். நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். ரோஹிங்கியாப் பிள்ளைகள் விடிந்ததும் மக்தபுக்குக் குர்ஆன் ஓதப் போய்விடுவார்கள். அதோடு மோதுகிற நேரத்தில் வகுப்பு வைத்தால் இரண்டாம் வாரமே பெற்றோரும் இமாமும் ஒரு பக்கம், வகுப்பு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். மக்தப் விட்டு, சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு வைப்பதே சரி. ரேஷன் வாங்கும் நாளிலும், எரிவாயு சிலிண்டர் மாற்றும் நாளிலும் பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள். அன்று புதுப் பாடம் நடத்தாமல் திருப்புதல் வைத்துக்கொண்டால், வராத பிள்ளை பின்தங்காது. ரேஷனே ஒரு பாட அட்டவணைதான். 2023இல் தலைக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10க்கும், பிறகு 8க்கும் உணவு உதவியைக் குறைத்த மாதங்களில், கூலி வேலைக்குப் போகிற பையன்களின் இடம் வகுப்பில் காலியாகவே கிடந்தது.

ஒரு தங்குமிடத்துக்குள் 12 முதல் 15 பிள்ளைகளுக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது. இடம் போதாது என்பது ஒரு காரணம். சூடு அதைவிடப் பெரிய காரணம்: தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே மார்ச் முதல் மே வரை பகல் பதினோரு மணிக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் கவனம் நிற்காது. மழைக்காலத்தில் வேறு தொல்லை. தார்ப்பாயில் அடிக்கிற மழைச் சத்தத்தில் குரல் எடுபடாது. சொல்வதெழுதுதல், வாய்ப்பாடு ஒப்பித்தல் எல்லாம் அன்றைக்கு நடக்காது. அதற்கென்று எழுதிப் பழகும் தாள்களை முன்கூட்டியே தயார் செய்து ஒரு மூடி போட்ட தகர டப்பாவில் வைத்திருக்க வேண்டும். சாக்பீஸும் அதே டப்பாவுக்குள் போக வேண்டும், ஈரம் பிடித்தால் பலகையில் எழுதாது. பலகைக்கு நாலடிக்கு மூன்றடி பிளைவுட்டில் கரும்பலகை வண்ணம் இரண்டு கை அடித்தால் போதும். ஆனால் அதை மூங்கில் சுவரில் அறையக் கூடாது. கழற்றி எடுத்துப் போகிற மாதிரி கயிற்றில் தொங்க விடுவதே நல்லது. மண்சரிவு எச்சரிக்கையோ தீயோ வந்தால் வகுப்பு வேறு இடத்தில் தொடரும்.

மொழிதான் கடினமான பகுதி. பிள்ளை வீட்டில் பேசுவது ரோஹிங்கியா. அதற்கு எல்லாரும் புழங்கும் எழுத்து இல்லை. 1980களில் உருவான ஹனிஃபி எழுத்துக்கு 2018இல் யூனிகோட் இடம் கிடைத்தது, இளைஞர்கள் ஆசையோடு கற்கிறார்கள், ஆனால் பாடப் புத்தகம் அதில் இல்லை. பாடமோ பர்மிய மொழியில். முகாமில் பிறந்த பிள்ளை அந்த மொழியைக் காதால்கூடக் கேட்டிருக்காது. 33 மெய்யெழுத்துகளையும் முதல் மாதத்தில் தலையில் ஏற்றிவிட முயல்பவர்களின் பிள்ளைகள் வரிசையாக ஒப்பிப்பார்கள், நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் விழிப்பார்கள். பலன் தருகிற முறை இப்படி இருக்கிறது: முதல் ஆறு வாரம் கணக்கும் சுற்றுப்புறமும் ரோஹிங்கியாவிலேயே, பர்மிய மொழி வாய்ப்பேச்சாக மட்டும், நாளுக்கு ஐந்து சொல், ஒரு கட்டளை வாக்கியம். பிறகு வாரத்துக்கு நாலெழுத்து, அந்த எழுத்தில் தொடங்குகிற, ஏற்கெனவே வாயில் ஏறிய சொல்லோடு. பர்மிய எண்களின் வடிவம் வேறு என்பதால் கணக்கில் இரண்டு வடிவத்தையும் ஒரே நாளில் காட்டிக் குழப்பக் கூடாது. ஒன்றில் பத்து வரை கூட்டல் கழித்தல் உறுதியான பிறகு மற்றது.

வயதும் வகுப்பும் பொருந்தாததுதான் படிப்பை நிறுத்துவதற்குப் பெரிய காரணம். ஐந்தாறு வருடம் படிப்பை இழந்த பதினாலு வயதுப் பையனை எட்டு வயதுப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் பத்து நாள் வருவான், பிறகு வெட்கப்பட்டு நின்றுவிடுவான். அதே பாடத்தை மாலையில் பெரிய பையன்களுக்கென்று தனியாக நடத்தினால் நிற்கிறான். கணக்கை அளவை, கூலி, கடைக் கணக்கு என்று அவன் வயதுக்குத் தக்கபடி மாற்றினால் வேகமாகவும் போகிறான். உயர் வகுப்புக் கணக்கும் அறிவியலும் நடத்தத் தெரிந்தவர்கள், ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வந்த சொற்பப் பேர்தான். அவர்களை ஒன்றாம் வகுப்பில் கட்டிப்போடுவது வீண். மேல் வகுப்பு மாணவர் கீழ் வகுப்புக்கு எடுப்பது, அந்த மேல் வகுப்புக்கு இவர்கள் எடுப்பது என்று ஏணி போல வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது எதுவும் அப்படியே பொருந்தாது. வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தும் வழக்கம் கெட்டியாக இருக்கிறது, அதைத் தொடர்ந்து சீக்கிரக் கல்யாணம். மேடை போட்டுப் பெண்கல்வி பேசினால் தகப்பன்மார் தலையாட்டிவிட்டு மகளை அனுப்பமாட்டார்கள். அனுப்புகிற வீடுகளில் பொதுவாக நாலு விஷயம் இருக்கும்: சொல்லித் தருபவர் பெண், இடம் அதே பிளாக்குக்குள், நடந்து போகும் பாதையில் டீக்கடை இல்லை, முதல் வாரம் அம்மாவும் கூட வந்து உட்காரலாம். ஆண்கள் வெளியே போகிற நடுப்பகல்தான் வசதியான நேரம். முதலில் தாயிடம் பேச வேண்டும், அடுத்து பாட்டியிடம், பிறகே தகப்பனிடம். தகப்பனிடம் பேசும்போது இமாமின் வாய்ச்சொல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெண் ஆசிரியை கிடைக்கவில்லை என்றால் வகுப்பைத் தள்ளிப்போடலாமே தவிர ஆண் ஆசிரியரை வைத்து ஒப்பேற்றக் கூடாது. ஒரு வதந்தி போதும், அந்த பிளாக்கில் இரண்டு வருடத்துக்கு வகுப்பு நடக்காது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2021 டிசம்பரில் வங்கதேச அதிகாரிகள் அகதிகள் தாமே நடத்திய பள்ளிகளையும் டியூஷன்களையும் மூடச் சொன்னார்கள். மூடப்பட்டவற்றில் முஹிபுல்லா தொடங்கிவைத்த கயாஃபுரி பள்ளியும் ஒன்று. முன்னாலேயே பேசி வைத்தவர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மிரட்டல் வரும்போது யாரிடம் போய் நிற்பது என்று தெரிந்திருந்தது. வரிசை இது: பெற்றோர், பிளாக் தலைவரான மாஜ்ஹி, இமாம், அதன் பிறகு முகாம் பொறுப்பதிகாரியின் அலுவலகம். பெயர்ப்பலகை வேண்டாம், சீருடை வேண்டாம். கட்டணம் வாங்கினால் அது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடாமல் வெளிப்படையாக இருக்கட்டும். பணத்தகராறுதான் புகாராகப் போகிறது.

இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் மதிப்பு கிடையாது. அதனால் பதிவேட்டை வாத்தியாரே சான்றிதழ் போலப் பேண வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு தாள்: பெயர், தகப்பன் பெயர், எந்தப் பாடத்தில் எந்த அத்தியாயம் வரை முடிந்தது, தேர்வு மதிப்பெண், தேதி, கையெழுத்து. ஒரு பிரதி பெற்றோரிடம் பிளாஸ்டிக் உறையில். இதில் பெயர் எழுத்துக்கூட்டல் அகதிப் பதிவு அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாத்தியாருக்கு எது சரி என்று படுகிறதோ அப்படி அல்ல. ரோஹிங்கியாக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. முஹம்மது என்ற ஒரு பெயரையே மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், பிறந்த தேதி பலருக்கு ஜனவரி 1. சிட்டகாங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் ரோஹிங்கியாப் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறது. அப்படி ஒரு கதவு திறக்கும்போது விண்ணப்பம் நிற்பது அறிவுக் குறைவால் அல்ல, ஓர் எழுத்து மாறிப்போனதால்.

இனி அடுத்த நோட்டு.

நடந்ததை எழுதி வைக்க உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது எங்கே போய்ச் சேரக்கூடும் என்பது. மியான்மருக்கு எதிராக காம்பியா நாடு 2019 நவம்பர் 11 அன்று தொடுத்த இனப்படுகொலை வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கே கேள்வி, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பது. அதே ஊரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. மியான்மர் அதில் உறுப்பு நாடில்லை, வங்கதேசம் உறுப்பு நாடு. எல்லையைத் தாண்டித் துரத்தியது வங்கதேச மண்ணில் வந்து முடிகிற குற்றம் என்பதாலேயே 2019 நவம்பர் 14 அன்று விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பரில், அப்போதைய மியான்மர் ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்கைக் கைதுசெய்ய ஆணை கேட்டு அதன் வழக்குரைஞர் மனுச் செய்தார்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? குறிப்பெடுப்பவர்கள் எல்லாரும் கொலையையும் தீவைப்பையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் "பிறகு வங்கதேசம் வந்தோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடித்தளம். ஏன் கிளம்பினீர்கள், யாராவது போகச் சொன்னார்களா, எந்த நாள் ஆற்றைக் கடந்தீர்கள், எந்தத் துறை, ஷா பொரிர் த்வீப்பா, அஞ்சுமான் பாடாவா, படகுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கூட யார் வந்தார்கள் என்பதை விரித்துக் கேட்க வேண்டும். இனப்படுகொலை வழக்குக்கோ, தாக்கியவர்கள் பேசிய சொற்கள் முக்கியம். என்ன வசவு, எந்த மொழியில், அது உங்களுக்குப் புரிந்ததா, பக்கத்தில் இருந்தவர் பெயர்த்துச் சொன்னாரா. சீருடை நிறம், தோளில் இருந்த சின்னம், எந்தத் திசையிலிருந்து வந்தார்கள். 2017இல் ராக்கைனுக்குக் கொண்டுவந்த 33, 99ஆம் இலகு காலாட்படைப் பிரிவுகளைப் பற்றி வெளியான அறிக்கைகளின் பின்னால் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கின்றன. ஆனால் சாட்சியே சொல்லாத படைப்பிரிவின் எண்ணை "99தானே?" என்று எடுத்துக் கொடுத்தால், அது வாத்தியார் பழக்கம்.

ஊர்ப்பெயரில் பாதிப் பட்டியல்கள் கெட்டுப்போகின்றன. ராக்கைனின் மாங்டோ பகுதியில் உள்ள துலாதோலி ஊரை அரசு ஆவணங்கள் மின் ஜீ என்கின்றன. ஒரே படுகொலை இரண்டு ஊர்க் கணக்கில் ஏறிவிடும். ரோஹிங்கியாப் பெயர், பர்மியப் பெயர், கிராமத் தொகுதி, நகரியம் என்று நாலையும் எழுத வேண்டும். பாடா எனப்படும் ஊர்க் குடியிருப்புகளுக்கு வழி தெரிய ஆறு, பள்ளிவாசல், சந்தை மூன்றையும் வைத்து ஒரு கைப்படம் வரையச் சொன்னால் பின்னால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட உதவும்.

தேதியை நேராகக் கேட்டால் பலர் ஒரு தேதி சொல்லிவிடுவார்கள். கேட்கிறவரைத் திருப்திப்படுத்தச் சொல்கிற தேதி அது. நங்கூரம் வைத்துக் கேட்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் செப்டம்பர் 2, சனிக்கிழமை. துலாதோலிப் படுகொலை நடந்தது பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 30. "குர்பானி கொடுத்தீர்களா, அதற்குள் கிளம்பிவிட்டீர்களா? அந்த வார ஜும்ஆ எங்கே தொழுதீர்கள்?" என்று கேட்டால் நாள் தானாக வந்து விழும். 2024இல் மியான்மர் ராணுவமும் அரக்கான் ஆர்மி என்ற ராக்கைன் ஆயுதக் குழுவும் மோதியபோது தப்பி வந்தவர்களுக்கு வேறு நங்கூரங்கள். எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றங்கரையில் ட்ரோன் தாக்குதல் நடந்த ஆகஸ்ட் 5 அன்றுதான் ஷேக் ஹசீனா வங்கதேசத்தை விட்டுப் போனார். அதை மறந்தவர் யாருமில்லை. தூரத்தை மைலில் கேட்காமல் நடை நேரத்தில் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தாளை மூன்று பத்தியாகப் பிரிப்பது நல்ல வழக்கம்: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பிறர் சொன்னது. "அவர்கள் முப்பது பேரைக் கொன்றார்கள்" என்று சொன்னால், "எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வி அதைச் சரியான பத்தியில் போட்டுவிடும். பிறர் சொன்னது என்பதற்காகக் குப்பையில் போட வேண்டியதில்லை, சொன்னவர் யார் என்று எழுதினால் போதும். இறந்தவர் பட்டியலில் ஒருவரையே அண்ணன் ஒரு முறை, மச்சான் ஒரு முறை, பக்கத்து வீட்டார் ஒரு முறை சொல்வார்கள், மூன்று பேராகிவிடும். பெயரோடு தகப்பன் பெயர், பாடா, ஏறத்தாழ வயது ஆகிய மூன்றும் பொருந்தினால் ஒருவரே என்று வைத்து, சொன்னவர்கள் எல்லாரையும் அந்த ஒரு பதிவின் கீழ் சேர்க்க வேண்டும். மொத்த எண்ணிக்கை குறையும். குறையட்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆய்வு நடத்தி, முதல் மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையில் இறந்ததாக 2017 டிசம்பரில் வெளியிட்டது. அது மாதிரிக் கணக்கெடுப்பு வழியாக வந்த மதிப்பீடு. பெயர்ப் பட்டியல் வேறு சாதி. இரண்டையும் கூட்டியோ ஒன்றை மற்றதோடு 'பொருத்தியோ' காட்டப் போனால் இரண்டுமே நம்பிக்கை இழக்கும்.

எவ்வளவு ஆழமாகக் கேட்பது என்பதில் பல இளைஞர்கள் தடுமாறுகிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் அலுவலகமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சி இல்லாதவர்கள் முழு வாக்குமூலம் எடுக்காமல் இருப்பதே நல்லது என்கிறது. இது அதிகாரத் திமிர் போலத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. ஒரே பெண்ணிடம் தொண்டு நிறுவனம், பத்திரிகை, வழக்கறிஞர், உள்ளூர் இளைஞர் என்று ஐந்து பேர் ஐந்து முறை எடுத்தால் ஐந்திலும் சின்ன வேறுபாடு இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது விருந்து. அந்தப் பெண்ணுக்கோ ஐந்து முறை அதே இரவு. ஆகவே யார், எங்கே, எப்போது, என்ன பார்த்தார், எப்படித் தொடர்புகொள்வது என்று ஒரு பக்கத்துக்குள் நிறுத்திவிட்டு, விரிவாக எடுப்பதை மியான்மருக்கான ஐ.நா. சுயாதீனப் புலனாய்வு அமைப்பு போன்றவர்களுக்கு விட வேண்டும். ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பாலியல் வன்முறை பற்றியும், பிள்ளைகளிடமும் கேட்கவே கூடாது. தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, மருத்துவ உதவி எங்கே என்று சொல்லி, எழுதாமல் விடலாம். வகுப்பில் படம் வரையச் சொன்னால் பிள்ளை எரிகிற வீட்டை வரையும். அதை வாங்கி வைத்து வெளிநாட்டாருக்குக் காட்டுவது இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் கெடுப்பது.

புகைப்படமும் காணொளியும் வந்தால் மூலக் கோப்பைத் தொடக் கூடாது. பெயர் மாற்றுவது, வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவல் போய்விடும், தரமும் சுருங்கும். ஆவணம் என்ற வழியில் இணைத்து அனுப்புவது எவ்வளவோ மேல். யார் எடுத்தது, யார் கையிலிருந்து, எந்தத் தேதியில், எந்தக் கருவி வழியாக வந்தது என்று தனிக் குறிப்பு இல்லாத காணொளி, சமூக ஊடகத்தில் ஓடும், நீதிமன்றத்தில் ஓடாது. 2019 செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் முகாம்களில் கைப்பேசி இணையத்தை முடக்கி வைத்திருந்தார்கள். அதனால் இணையம் இல்லாத காலத்துக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்: குறியாக்கம் செய்த மெமரி கார்டில் ஒரு பிரதி, முகாமுக்கு வெளியே நம்பகமான அமைப்பிடம் ஒன்று. கைப்பேசிக்கு விரல்ரேகைப் பூட்டு போதாது, கையைப் பிடித்து அழுத்தினால் திறந்துவிடும். ஆறு இலக்க எண்ணாவது வேண்டும்.

பழைய காகிதங்கள் தனிச் செல்வம். குடும்பப் பட்டியல், தாத்தாக்களின் மூன்று மடிப்பு தேசியப் பதிவு அட்டை, 2015இல் திரும்பப் பெறப்பட்ட வெள்ளை அட்டை என்ற தற்காலிக அடையாள அட்டையின் ரசீது, நில வரி ரசீது, பள்ளிச் சான்று. வாழ்ந்த ஊருக்கும் இழந்த நிலத்துக்கும் இவைதான் சாட்சி. 2021 மார்ச் 22 அன்று முகாமில் பிடித்த தீயில் 45,000 பேர் வீடிழந்தார்கள். அப்படியொரு நாளில் காகிதம்தான் முதலில் எரியும். இரண்டு பக்கமும், மடிப்பை நீவி, நேர் வெயிலில் அல்லாமல் வாசல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். பழைய தாளை லேமினேட் செய்கிற ஆசையைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. மூலத்தை வாங்கிப் போய் வைத்துக்கொள்ளவே கூடாது, குடும்பத்திடமே திருப்பித் தர வேண்டும்.

சம்மதம் என்பது கைநாட்டு வாங்குவது அல்ல. அகதிகள் பதிவின்போது திரட்டிய தகவல்களை வங்கதேசம் மியான்மரிடம் கொடுத்ததையும், சரியான சம்மதம் பெறப்படவில்லை என்பதையும் 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொண்டுவந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் சம்மதம் பெற்றோம் என்றது. அதன் பிறகு "எதற்கு எழுதுகிறாய், யார் பார்ப்பார்கள்?" என்று மக்கள் கேட்பது முற்றிலும் நியாயம். வெவ்வேறாகக் கேட்டு வெவ்வேறாகக் குறிக்க வேண்டும்: எங்களிடம் வைத்திருக்கலாமா, ஐ.நா. விசாரணையாளரிடம் கொடுக்கலாமா, நீதிமன்றத்துக்குப் போகலாமா, பெயர் இல்லாமல் பத்திரிகையில் வரலாமா. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்பது சகஜம். பெயரும் எண்ணும் ஒரு நோட்டில், சம்பவமும் அதே எண்ணும் வேறு நோட்டில். இரண்டும் ஒரே தங்குமிடத்தில் இருக்கக் கூடாது. வகுப்பின் வருகைப் பதிவேட்டில் சாட்சியின் பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடுவது போன்ற சாமர்த்தியங்கள் வேண்டாம்.

இதில் சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024க்குப் பிறகு நடந்தவற்றில் ராணுவம் மட்டும் குற்றவாளியல்ல, அரக்கான் ஆர்மி மீதும் கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளன. முகாமுக்குள் ஆயுதக் குழுக்கள் ஆள்பிடித்ததும் ஆட்களைக் கடத்தியதும் உண்டு. 2017 ஆகஸ்டில் கா மாங் செய்க்கில் இந்துக்களை ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு கொன்றதை ஆம்னஸ்டி ஆவணப்படுத்தியிருக்கிறது. "நம் பெயர் கெடும், அதை எழுதாதே" என்ற அழுத்தம் வரும், மிரட்டலாகவும் வரும். உயிருக்கு ஆபத்து என்றால் எழுதாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் எழுதிவிட்டு ஆளை மாற்றி எழுதினால் மொத்த நோட்டும் பொய்யாகும்.

தமிழ் வாசகருக்கு இது தூரத்து விவகாரமில்லை. சென்னையை ஒட்டிய கேளம்பாக்கத்தில் 2012 முதல் ரோஹிங்கியாக் குடும்பங்கள் வசிக்கின்றன. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்த படகு முள்ளிவாய்க்காலில் கரை ஒதுங்கியது. இவர்களோடு வேலை செய்ய விரும்பும் தன்னார்வலர் கதை கேட்பதை விட்டுவிட்டு, பெயர் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கவும், பள்ளிச் சேர்க்கைத் தாள் நிரப்பவும், தமிழ் எழுத்து சொல்லித் தரவும் உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி. படம் எடுத்துப் போடாமல் இருப்பது அடுத்த உதவி.

கடைசியாக, கைமாற்றுதல். இந்த வேலையில் ஆள் நிலைப்பதில்லை. மறுகுடியமர்வு கிடைத்துப் போவார், படகேறுவார், கல்யாணமாகி வேறு முகாம் போவார், பயந்து ஒதுங்குவார். முஹிபுல்லா வெள்ளை மாளிகை வரை போய்ப் பேசியவர். ஒரு முகத்தில் எல்லாம் குவிந்தால் அந்த முகத்தைக் குறிவைப்பது எவ்வளவு எளிது என்பது அவர் கொலைக்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும். எனவே வகுப்புக்கு எப்போதும் இரண்டாம் ஆள் ஒருவர், வாரத்தில் ஒரு நாளாவது பாடம் நடத்துபவராக இருக்க வேண்டும். பாடக்குறிப்பு நோட்டும் பிள்ளைகளின் தாள்களும் அவருக்கு நேராகப் போகும். சாட்சி நோட்டு அவரிடம் போகக் கூடாது. அதற்குரிய இரண்டாம் ஆள் வேறு பிளாக்கில், வகுப்போடு தொடர்பில்லாதவராக இருப்பது நல்லது. கடவுச்சொல்லின் ஒரு பாதி அவரிடம், மறு பாதி முகாமுக்கு வெளியே உள்ள அமைப்பிடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பாதியையும் சேர்த்துத் திறந்து பார்த்து, கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெற்றவர்களின் பதிவை நீக்க வேண்டியதும் அதே நாளில்தான்.